எந்தப் பக்கம் சுற்றினாலும் திறக்கிற கதவு

போன சனிக்கிழமை ஒரு மஞ்சள் அம்புக்குறி என்னைக் கோபக்காரனாக்கிவிட்டது. எங்கள் வீட்டு ரீவியில், கல் பாவிய ஒரு மண்டபத்தின் தரையில், "இப்படிப் போ, இப்படிப் போ" என்று அது மினுங்கிக்கொண்டிருந்தது. என் இளைய மகள் அபி அதன் பின்னால் கன்றுக்குட்டி மாதிரிப் போய்க்கொண்டிருந்தாள்.

அது ஒரு வீடியோ விளையாட்டு, வாளும் மந்திரமும் பூதங்களும் உள்ள அந்தப் பெரிய தொடரின் மூன்றாம் பாகம். நான் இளந்தாரியாக இருந்தபோது வந்ததை இப்போது புதிதாகச் செய்து விட்டிருக்கிறார்கள். வரப்போகிறதென்று கேள்விப்பட்ட நாளிலிருந்து காத்திருந்து வாங்கியவன் நான். காரணம் ஒன்றுதான். அந்த மண்டபத்தில் அபி வழி தெரியாமல் நிற்க வேண்டும். நின்று, "அப்பா, இனி என்ன செய்யிறது?" என்று என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளே, பெற்ற மகள் மாட்டுப்படவேண்டுமென்று காத்திருக்கிற தகப்பனை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். இந்தா, ஒருவன் இருக்கிறேன். ஏனென்று சொல்கிறேன்.

அந்த மண்டபத்தைக் கண்டதுமே எனக்கு மூக்கில் பொரித்த மீன் மணந்தது. கனடாவுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு கட்டடத்தின் பதினான்காம் மாடியில், நானும் ஜெறோமும் ஒரே அறையில் இருந்த காலத்து மணம் அது. ஜெறோம் மன்னார்க்காரன், கத்தோலிக்கன். நான் யாழ்ப்பாணத்துச் சைவம். இரண்டு பேருக்கும் பாண் சுடுகிற ஒரே தொழிற்சாலையில் வேலை. விடியப் போனால் மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு. அவன் மீன் பொரிப்பான். வெள்ளிக்கிழமைகளில் நான் பல்கனிக் கதவைத் திறந்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு பாணும் பருப்பும் சாப்பிடுவேன். பிறகு இரண்டு பேரும் ரீவிக்கு முன்னால். பக்கத்து வீட்டுக்காரர் இடம் மாறும்போது "வேணுமெண்டால் எடுங்கோ" என்று விட்டுப்போன விளையாட்டுப் பெட்டி அது. விளக்கப் புத்தகம் இல்லை. எங்களிடம் ஆங்கிலமும் அவ்வளவாக இல்லை.

நீங்கள் டன்ஜன் என்கிறதை நாங்கள் குகை என்றுதான் சொன்னோம். வழி மறக்காமலிருக்கப் படம் கீறுவோம். எதில் என்றால், எங்கள் கட்டடத்தில் எலிவேற்றர் வேலைசெய்யாதென்று அடிக்கடி ஒட்டுவார்களே, அந்த அறிவித்தல்களின் பின்பக்கத்தில். எலிவேற்றர் ஒருநாளும் ஒழுங்காக ஓடாதபடியால் எங்களுக்குக் கடதாசிக்குப் பஞ்சமே வரவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரைதான் படித்தவன். ஆனால் இந்தத் தொடரின் குகைகளைப் பற்றி யாரோடும் வாதாடுவேன். முதலாம் பாகத்தில் குகை என்பது வெறும் கோபுரம். படி கண்டால் ஏறு, அவ்வளவுதான். இரண்டாம் பாகத்தில் கொடுமை மட்டும்தான் இருந்தது. நச்சுத் தண்ணீர், முட்டுச்சந்து, சாவு. மூன்றாம் பாகம் செய்தவன்தான் ஆசிரியன். அவனுடைய குகை உங்களுக்குச் சொல்லித்தரும். கடைசி மண்டபத்துக்கு முந்தின அறைகளில் எல்லாமே தலைகீழாக இருக்கும். தண்ணீர் மேலே ஏறும், மெழுகுதிரியின் சுவாலை கீழே பார்க்கும். கவனி, இங்கே எல்லாம் மற்றப் பக்கம் என்று ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவைப்பான்.

நாங்கள் கவனித்தோமா? இல்லை.

கடைசி மண்டபத்தில் ஒரு கல் பெண், கையில் விளக்கோடு. அவளுக்குப் பின்னால் பூட்டிய கதவு. "அவளை மூன்று முறை சுற்று" என்று சுவரில் எழுதியிருந்தது. அகராதி பார்த்து வாசித்துவிட்டுச் சுற்றினேன். சிலை என் வலக்கைப் பக்கம் இருக்க, கோயிலில் சுற்றுவது மாதிரி. கதவு திறக்கவில்லை. மூன்று, ஆறு, ஒன்பது. கைவிளக்கு வாங்கிக்கொண்டு வந்து சுற்றினேன். எதிரிகளையெல்லாம் கொன்றுவிட்டுச் சுற்றினேன். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் போனது.

"என்ன மச்சான், நேர்த்திக்கடனோ?" என்றான் ஜெறோம். "நீ வெள்ளிக்கிழமையில மீன், மச்சம் தின்னாத ஆள். சிலையும் உன்னை மாதிரி விரதமோ தெரியாது. அதுதான் வாயும் திறக்குதில்லை, கதவும் திறக்குதில்லை."

பிறகு ஒருநாள் சொன்னான்: "மற்றப் பக்கமாய்ச் சுத்திப் பாரன்."

"விசரே உனக்கு? இடப்பக்கமாய்ச் சுத்துறது செத்தவீட்டில, கொள்ளி வைக்கிறவன். ஊரில அப்பா உயிரோட இருக்கிறார்."

"டேய், உது ரீவி."

"எண்டாலும் மாட்டன்."

அவன் சிரிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். "சரி, இஞ்ச தா. நான் வேதக்காரன், எனக்கு உந்தப் பாவம் பிடிக்காது. நீ வெளியில போய் நில்."

நான் பல்கனிக்குப் போய், ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழே ஷேர்போன் தெருவில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்துமூன்று வயது ஆம்பிளை! உள்ளே கல் அரைபடுகிற சத்தம் கேட்டது. "மச்சான், வா! திறந்திட்டுது!" என்று கத்தினான். தரையில் மங்கலாகக் காலடித் தடங்கள் இருந்ததையும், அவற்றின் விரல்கள் மற்றப் பக்கம் பார்த்ததையும் அதற்குப் பிறகுதான் கண்டோம். எங்கள் சின்ன ரீவியில் அதைக் கல் வெடிப்பென்று நினைத்திருந்தோம்.

இப்போது சொல்லுங்கள், இதில் எது குகை? கல்லா, கதவா? அந்த மூன்று கிழமைதான் குகை.

ஐந்தாம் பாகத்தில் திரையின் மூலையில் ஒரு குட்டி வழிப்படம் வைத்தார்கள். கீறுகிற வேலை போயிற்று. ஏழாம் பாகத்தை என் மூத்தவனோடு விளையாடினேன். குகைகளெல்லாம் மார்க்கம் பக்கத்துப் பிளாசாக் கடைத்தொகுதிகள் மாதிரி, எதற்குள் நுழைந்தாலும் அதே அறை, அதே வளைவு. கடைசிப் பூதத்தைக் கொன்றால் முன்வாசலுக்கே ஒரு குறுக்குவழி திறக்கும். திரும்பி நடந்தால் கால் நோகுமாம்! விளையாடுகிறவனை விருந்தாளியாக நடத்துகிறார்களா, அல்லது மூளையில்லாதவன் என்றே முடிவுகட்டிவிட்டார்களா? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சனிக்கிழமைக்கு வருகிறேன். "உந்த அம்பை நிப்பாட்டு" என்றேன்.

"அப்பா, சில் பண்ணுங்கோ. இட்ஸ் ஜஸ்ட் அ கேம்" என்றாள் அபி. என்றாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிப்பாட்டினாள்.

மண்டபத்தில் இப்போது அவளும் கல் பெண்ணும்தான். எழுத்தை வாசித்தாள். ஒரு கணமும் யோசிக்காமல் வலமாகச் சுற்றத் தொடங்கினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கனடாவில் பிறந்த பிள்ளை, கோயில் என்றால் முகம் சுளிக்கிறவள், கையைப் பாருங்கள், அதற்குத் தெரிந்திருக்கிறது! மூன்றாம் சுற்று முடியும்வரை காத்திருந்தேன். "மற்றப் பக்கமாய்ச் சுத்திப் பாரம்மா" என்ற வசனம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

கதவு திறந்துவிட்டது.

"உது பிழை! உப்பிடித் திறக்காது!" என்று எழும்பிவிட்டேன்.

அபி போனில் தேடி வாசித்தாள். "எந்தப் பக்கம் சுத்தினாலும் ஓகேயாம், அப்பா. பழைய கேமில நிறைய ஆக்கள் இந்த ரூமில ஸ்டக் ஆகிட்டினமாம். அதாலதான் மாத்தினவையாம்."

"அந்த ஆக்கள் நாங்கள்தான்" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். மண்டபத்தில் நின்றது இரண்டு நிமிடம்கூட இல்லை.

எலிவேற்றர் அறிவித்தல்களில் கீறிய படங்கள் வீடு மாறி மாறி எங்கேயோ தொலைந்துபோயின. ஜெறோம் இப்போது மிசிசாகாவில். கலியாண வீடுகளில் காண்பதோடு சரி. அன்றைக்கு அவனுக்குப் போன் எடுத்து, கோபத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன். அம்பைச் சொன்னேன், கதவைச் சொன்னேன்.



"எந்தப் பக்கம் சுத்தினாலும் திறக்குதெண்டால்," என்றான் ஜெறோம், "அப்ப நான் என்னத்துக்கடா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் சிரிக்கவில்லை.