முன்கண்ணாடி ரப்பர்

மயிலாப்பூர் சாரநாதனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால், அடுக்ககத்தின் கீழே நிற்கும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்தான். கதவு, டிக்கி, பெடல் என்று இற்றுப்போன ரப்பரையெல்லாம் மகள் ஹம்சினியோடு சேர்ந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார். மனைவி நீரஜா அந்தப் பக்கமே வரமாட்டாள். "அப்பாவும் பொண்ணும் கிரீஸ் கையோட உள்ளே வராதேங்கோ" என்பதோடு சரி.

ஆவணியில் வந்த காய்ச்சல் ஹம்சினியைக் கொண்டுபோய்விட்டது. இருபத்திரண்டு வயது.

முன்கண்ணாடிக்கான ரப்பர் மட்டும் பாக்கி இருந்தது. தை மாதம் ஒரு காலையில் சாரநாதன் அதைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, ரப்பரின் பள்ளத்தில் மெல்லிய கயிற்றைச் செருகி, சட்டத்தில் சாத்தி வைத்தார். இனி ஒருவர் வெளியே நின்று கண்ணாடியை அழுத்த, இன்னொருவர் உள்ளேயிருந்து கயிற்றை உருவ வேண்டும். தனி ஆளாக ஆகிற காரியமில்லை. கயிற்று நுனியைப் பிடித்தபடி அவர் சீட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நீரஜா எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. "எங்கே அழுத்தணும்னு சொல்லுங்கோ" என்றாள்.

அவர் உருவ உருவ, ரப்பர் விளிம்பு சட்டத்தின்மேல் ஏறிப் படிந்தது. "போறும் நீரஜா, உக்காந்துடுத்து."

அவள் கையை எடுக்கவில்லை. "இங்கேதானே அவ நின்னுண்டிருப்பா?" என்று கேட்டாள்.

அவர் தலையாட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.