ராகு காலத்துக்கு முன் முடுக்கிய நான்கு போல்ட்டுகள்

எங்கள் காருக்கு வயது பதினொன்று. வாங்கிய நாளிலிருந்து அதற்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றிய தேதி, டயரின் காற்று அளவு, எந்தச் சத்தம் எப்போது தொடங்கியது எல்லாம் அதில் இருக்கும். சென்ற மழைக்காலம் முடிந்ததும் அதில் எழுதினேன்: “முன்பக்கம், இடது. பள்ளத்தில் கடக்.” ஒரு மாதம் கழித்து: “வலதும்.”

அந்தச் சத்தத்துக்குப் பொருத்தமான பெயர் வைத்தவர் என் சம்பந்தி அம்மா, மகளின் மாமியார். மயிலம் கோயிலுக்குப் போய்விட்டு அவரை விழுப்புரத்தில் அவர் வீட்டில் விடப் போனோம். வழியில் வந்த வேகத்தடைகளில் எல்லாம் மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தவர், இறங்கியதும் சொன்னார்:

“சம்மந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இது காரு இல்ல, மல்லாட்டை உடைக்கிற மிஷினு.”

எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்துச் சொன்னதற்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“வளைகாப்பு முடிஞ்சி எம் மருமவள இதுல ஏத்தி அனுப்ப மாட்டேன். வேற வண்டி வச்சிக்கினு வாங்க. இல்லன்னா நானே வாடகைக்கு ஒண்ணு சொல்லிடறேன்.”

மகளுக்கு ஏழாம் மாதம் பிறக்க இருந்தது. வளைகாப்பு முடிந்த கையோடு அவளைப் பிரசவத்துக்குத் திண்டிவனம் அழைத்து வர வேண்டும். பள்ளிக்கூடம், கல்லூரி, கடைசியாகக் கல்யாண மண்டபம் என்று அவளை எங்கும் கொண்டுபோனது இந்தக் கார்தான். இந்த ஒரு பயணத்தில் மட்டும் அவள் யாரோ ஓட்டும் வண்டியில் முன்னே போக, நான் காலி வண்டியோடு பின்னே வருவதா?

திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். ‘லோயர் ஆர்ம்’ இரண்டும் போய்விட்டது என்றார்கள். சக்கரத்தை வண்டியின் உடம்போடு சேர்க்கும் இரும்புக் கை அது. உடம்போடு சேரும் இடத்தில் ரப்பர் இருக்கும். அந்த ரப்பர்தான் தேய்ந்திருந்தது. அவர்கள் சொன்ன தொகை வளைகாப்புச் சாப்பாட்டுச் செலவுக்கு ஈடாக இருந்தது. அதில் பாதி கூலி. கூலியை மிச்சப்படுத்தலாம் என்று முடிவு செய்தேன்.

விழுப்புரத்தில் நான் உதிரிபாகம் வாங்கிய கடையின் முதலாளி என் சட்டைப்பையில் இருந்த மூன்று பேனாக்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சார் மெக்கானிக்கா?”

“இல்லைங்க. ஆபீஸ் வேலை. நானே மாட்டலாம்னு பார்க்கிறேன்.”

“அப்ப பழசத் தூக்கிப் போட்டுடாதீங்க சார். எதுக்கும் இருக்கட்டும்.”

நான்கு வீடியோக்களைப் பார்த்து, வேலையைப் பதினாறு படிகளாகப் பிரித்து நோட்டில் எழுதினேன். பதின்மூன்று: சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கு. பதினான்கு: வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகே நான்கு போல்ட்டுகளையும் முழுதாக முடுக்கு. பதினான்கின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்கு ஆரம்பித்தேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல், இரவல் வாங்கிய இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டியின் முன்பக்கத்தை நிறுத்தினேன். கழற்றிய ஒவ்வொன்றையும் இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தேன். (அது பழைய தட்டு. மனைவியிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.) வலது பக்கத்துத் துருப்பிடித்த போல்ட் ஒன்று மட்டும் இரண்டு மணி நேரத்தைத் தின்றது. மாலை நாலு மணிக்கு மனைவி வாசலில் வந்து நின்றாள்.

“ஏங்க, நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஜல்தியா முடிச்சிட்டு எழுந்து வாங்க.”

“இன்னும் முடுக்கணும்மா. நேரம் ஆகும்.”

“முடுக்கறத ராகு காலத்துலயா பண்ணுவீங்க? நம்ம பொண்ணு ஏறப்போற வண்டிங்க!”

நான் அவ்வளவாக ராகு காலம் பார்ப்பவன் இல்லை. ஆனால் ‘நம்ம பொண்ணு’ என்ற பிறகு எந்த அப்பனும் வாதாட மாட்டான். குனிந்து நான்கு போல்ட்டுகளையும் பலம் கொண்ட மட்டும் முடுக்கினேன். பிறகு சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினேன்.

கடக் போயிருந்தது. தெருவில் இரண்டு முறை ஓட்டினேன். மனைவி கற்பூரம் காட்டி, முன் டயர்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். மேடு ஏறும்போது மட்டும் மெல்லிய ‘கிரீச்’ ஒன்று கேட்டது. டயருக்கும் அதற்கு மேலுள்ள தகட்டுக்கும் நடுவே முன்பு மூன்று விரல் நுழையும். இப்போது நான்கு நுழைந்தது. நோட்டில் எழுதினேன்: “வண்டி நிமிர்ந்து நிற்கிறது. கிரீச்: புது ரப்பர். பழகிவிடும்.”

பழகவில்லை. புதன்கிழமை ஏழு வகைச் சாதமும் பழத்தட்டுகளும் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போனபோது, ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி கத்தியது.

“கடக்குக்கு பதிலா கிரீச்சா?” என்றாள் மனைவி. “பழைய வூட்டுக் கதவ தொறந்து தொறந்து மூடற மாதிரி இருக்குது.”

சம்பந்தி அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். “வாங்க, வாங்க. நீங்க தெருமுனை திரும்பறப்பவே தெரிஞ்சிடுச்சி.”

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “வாடகை வண்டிக்கு சொல்லியாச்சு மாமா. ஒன்றரைக்கு வந்துடும்.”

மகளின் கன்னத்தில் எல்லோரும் சந்தனம் தடவி, கை நிறைய வளையல் அடுக்கினார்கள். என் காதில் மட்டும் கிரீச் கேட்டுக்கொண்டிருந்தது. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். அது முடியாமல் யாரும் புறப்பட முடியாது. சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன்.

என் கையெழுத்திலேயே இருந்தது. “4.12, நான்கு போல்ட்டும் முடுக்கியாயிற்று. 4.25, வண்டி இறக்கியாயிற்று.” பதின்மூன்றுக்கு முன்னால் பதினான்கைச் செய்திருக்கிறேன்! கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பவனுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தால், கையை இறக்கியதும் அக்குள் இழுக்கும். சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தபோது முடுக்கியதால், இறங்கிய பிறகு ரப்பர் முறுக்கிக்கொண்டு கத்துகிறது.

டிக்கியிலிருந்து ஸ்பேனர்களை எடுத்தேன். மனைவி ஓடி வந்தாள்.

“ராகு காலத்துல அதுல கை வைக்கிறீங்களே!”

வெற்றிலை மென்றுகொண்டிருந்த சம்பந்தி அம்மா குறுக்கே வந்தார். “புதுசா ஆரம்பிச்சாதான் தப்பு. இது ஞாயித்துக்கெழம வுட்ட கொற. பண்ணட்டும் வுடுங்க.” பிறகு என்னிடம், “நான் எதுனா செய்யணுமா?”

“வண்டியில ஆள் பாரம் இருந்தா நல்லது.”

“பாரந்தான? என்னை வுட்டா இந்தத் தெருவுல யாரு இருக்கா?” என்று முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மனைவி பின்னால் ஏறினாள்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்தை முழுதாகத் திருப்பி வைத்து, இடுக்கில் கையை விட்டு ஒவ்வொரு போல்ட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தினேன். நான்காவதில் ‘டொப்’ என்று வண்டி ஒரு விரல் இறங்கியது.

“ஐயோ, எறங்குது!” என்றார் சம்பந்தி அம்மா.

“நல்லதுதாங்க! இறங்கணும்னுதான் இவ்வளவும்.”

“நான் ஏறினதால இல்லையே?”

ஜன்னலோரம் நின்ற மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் திரும்ப முடுக்கினேன். 1.08. மூன்று விரல்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். சம்பந்தி அம்மா இறங்கவில்லை. “எடுங்க. ஏறி ஏறி எறங்க எனக்கு முட்டி கெடையாது. தெருமுனைக்குப் போவ ராகு காலம் பாக்க வேணாம்.”

தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கினோம். சத்தம் இல்லை.

“இன்னொரு வாட்டி,” என்றார். மறுபடியும் இல்லை. மூன்றாவது முறை அவர் கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் மகனைக் கூப்பிட்டார்.

“டேய், அவ அவங்க அப்பா வண்டியிலயே போவட்டும். வாடகை வண்டியில பாத்திரமும் தட்டும் ஏத்து. சும்மா அனுப்பினா பாவம்.”

பாத்திரங்களுக்குக் காவலாக என் மனைவி வாடகை வண்டியில் ஏறினாள். 1.34க்குக் கிளம்பினோம். மகள் பின் இருக்கையில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். ஊர் எல்லையைத் தாண்டும்போது மனைவியிடமிருந்து போன் வந்தது. மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏங்க, இந்த வண்டியில முழுக்க கடக் கடக்குன்னு சத்தம். திண்டிவனம் போனதும் என்னான்னு கொஞ்சம் பாக்கறீங்களா?”

“அது உன் அண்டாக்கள்டி,” என்றேன்.

மகள் சிரித்து முடித்து, விக்கிரவாண்டி வருவதற்குள் தூங்கிவிட்டாள்.