கிரைண்டர் சத்தத்தில் நடந்த வகுப்பு

என் மகளுக்கு நான்தான் வாத்தியார் என்றால் காரைக்குடியில் என்னைத் தெரிந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் பிள்ளையை நினைத்துப் பரிதாபப்படுவார்கள். நியாயம்தான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்த ஐந்தாம் வகுப்பிலும் பாதி நாள் பெஞ்சு மேல் நின்றேன், மீதி நாள் கண்மாய்க்குள் நின்றேன். உட்கார்ந்து படித்ததாக ஞாபகம் இல்லை.

செக்காலை ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. முன்னறையில் இரண்டு கிரைண்டர். இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்பது என் தொழில். புதுவயல் மில்லில் இருந்து அரிசி வந்து இறங்கும், நான் ஊறப்போடுவேன். என் மனைவி பன்னிரண்டாவது பாஸ். ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். எங்கள் வீட்டில் படித்த ஆள் வெளியே போய்விடும், படிக்காத ஆள் வீட்டில் இருப்பான். பிள்ளைக்கு வாய்த்தது அவன்தான்.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் காலையில் என் மகள் கண் இரண்டும் வீங்கி எழுந்தாள். கொசு கடித்திருக்கும் என்றேன். "ரெண்டு கண்ணுலயும் அளவெடுத்தாப்புல கடிச்சிருக்கு, டெய்லர் கொசு போல" என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். அந்த வாரமே காலும் வயிறும் வீங்கின. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கிட்னி வழியாகச் சத்து மூத்திரத்தில் இறங்குகிறது என்றார் டாக்டர். மாத்திரையில் வடிந்துவிடும், ஆனால் சளி காய்ச்சல் எது தொற்றினாலும் திரும்ப வரலாம், கொஞ்ச காலம் கூட்டத்துக்குள் விடாதீர்கள் என்றார்.

பள்ளிக்கூடத்தைவிடப் பெரிய சளிக் கூட்டம் உலகத்தில் உண்டா? நிறுத்திவிட்டேன்.

அந்தக் கொஞ்ச காலம் எப்போதோ முடிந்துவிட்டது. டாக்டரே ஒரு தடவை, "இனிமே தாராளமா அனுப்பலாம்" என்றார். எனக்கு அன்றைக்குப் பார்த்துக் காது அடைத்துக்கொண்டது. "வெயில் குறையட்டும்" என்றேன். அப்புறம், "மழை விடட்டும்" என்றேன். இந்த ஊரில் மழையைக் காரணம் காட்டித் தப்பித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

உண்மையில் எனக்குப் பயம். காலையில் எழுந்ததும் அவள் முகத்தைப் பார்க்கப் பயம். ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிக் குழாய் கொடுத்திருந்தார்கள். முதல் மூத்திரத்தை அதில் பிடித்து நெருப்பில் காட்ட வேண்டும். தெளிவாக நின்றால் அன்றைக்குத் தப்பித்தோம். முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிந்தால் மதுரை பஸ். பள்ளிக்கூடத்தில் குழாயடியைத் தவிர வேறு குழாயைப் பார்க்காதவன், தினமும் ஸ்டவ் முன்னால் விஞ்ஞானி மாதிரி நிற்பேன். அந்த நேரத்தில் யாராவது, "அண்ணே, மாவு" என்று வாசலில் கூப்பிட்டால் உயிர் போய்விட்டு வரும்.

மாவு வாங்க வருகிறவர்கள் தும்மினாலும் பயம். பிள்ளையை, "அங்குட்டுப் போத்தா" என்று உள்ளே விரட்டிவிட்டு வாசலுக்கு ஓடுவேன். தும்மியவருக்குக் கொசுறாக ஒரு கரண்டி மாவு போட்டுச் சீக்கிரம் அனுப்பிவிடுவேன். தெருவில் அதைத் தெரிந்துகொண்டு வேண்டுமென்றே தும்மியவர்களும் உண்டு.

இதற்கு நடுவில்தான் வகுப்பு. கிரைண்டர் ஓட ஓட அரிசிச் சாக்கு மேல் அவள் உட்காருவாள், எதிரே கவிழ்த்த வாளி மேல் நான். அவளுடைய பாடப் புத்தகத்தை முதலில் நான் வாசித்துப் பார்ப்பேன். தமிழ் என்றால் ஒருவழியாக நகரும். இங்கிலீஷ் என்றால் படத்தை மட்டும் விளக்குவேன். கணக்கில் கூட்டல் கழித்தல் பெருக்கல் வரைக்கும் நான் ராஜா. அதற்கு மேல் அகதி. போன் வீடியோவில் ஒரு வாத்தியார் சொல்லிக் கொடுப்பார். அவர் சொல்வது கிரைண்டர் சத்தத்தில் கேட்காது. கேட்டாலும் எனக்குப் புரியாது. ஆனால் தலையை ஆட்டுவேன், அதைப் பார்த்து அவளும் ஆட்டுவாள்.

அவள் கேள்வி கேட்டால் என் கையில் ஒரே ஒரு மருந்துதான்.

"அப்பா, நெலா ஏன் தேயுது?"

"அதுவும் வாடகை வீடு போல. ஓனரு ஒவ்வொரு ரூமாக் காலி பண்ணச் சொல்றாரு."

விழுந்து விழுந்து சிரிப்பாள். பாடம் முடிந்தது என்று நான் அடுத்த ஈடு உளுந்து போடப் போய்விடுவேன்.

"பதினேழ அஞ்சால வகுத்தா ரெண்டு மீதி வருதுப்பா. அந்த ரெண்ட என்ன பண்றது?"

"அம்மாகிட்டக் குடுத்துரு. மீதி எது வந்தாலும் அவகிட்டக் குடுக்கிறதுதான் நம்ம வீட்டுச் சட்டம்."

மாவு வியாபாரத்திலும் நான் இதே ஆள்தான். ஒரு தடவை எதிர்வீட்டு அக்கா பாக்கெட்டோடு சண்டைக்கு வந்தார்.

"என்னப்பா, நேத்து வாங்குன மாவு இப்புடிப் புளிக்குது?"

"சாம்பாருல புளியக் கொறைச்சுப் போடுங்கக்கா, கணக்குச் சரியாப் போயிரும்."

அவர் சிரித்துவிட்டார். இன்னொரு பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு போனார். சாக்கு மேல் இருந்த என் மகள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். படிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்துத்தான் இருக்கிறாள்.

போன கோடையில் ஒரு டீச்சர் வந்தார். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வீடு வீடாக வருவார்களே, அவர்தான். வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி, "வீட்ல பத்து வயசுல பிள்ளை இருக்காமே?" என்றார். இல்லை என்று சொல்லலாம் என்றால், பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்து, "வணக்கம் டீச்சர்" என்கிறது.

மருந்துச் சீட்டு, ஸ்கேன், மதுரை பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டினேன். வீட்டிலேயே நான் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னேன்.

"நீக என்ன படிச்சிருக்கீக?"

"அனுபவம் டீச்சர்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளி மேல் உட்கார்ந்தார். "சரி, பாப்பாவக் கொஞ்சம் கேட்டுப் பாக்குறேன். ஒழுங்காப் படிக்குதுன்னா இந்த வருசமும் வீட்லயே இருக்கட்டும்னு எழுதிருவேன். இல்லைன்னா கட்டாயம் சேக்கணும், தெரியும்ல?"

கிரைண்டரை நிறுத்தினேன். வீடு திடீரென்று அமைதியானது.

டீச்சர் ஒரு பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். மகள் முதல் வரியை எழுத்துக்கூட்டினாள். இரண்டாம் வரியில் ஒரு பெரிய வார்த்தை குறுக்கே படுத்துக் கிடந்தது. நின்றாள். புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"இந்தக் கதை எனக்கு முழுசாத் தெரியும் டீச்சர். நான் வாசிச்சு முடிவச் சொல்லிட்டா ஒங்களுக்குச் சப்புனு போயிரும்ல?"

டீச்சர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. என் மகளா, கொக்கா!

அடுத்தது கணக்கு. நூற்று நாற்பதை ஆறால் வகுக்கச் சொன்னார். மகள் சிலேட்டைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள். "எப்புடி வகுத்தாலும் மீதி அம்மாவுக்குத்தான் போகும் டீச்சர். அவுகளே பில்லு போடுற ஆளு, அவுகளுக்குச் சுளுவா வந்துரும்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

"செடி தனக்குச் சாப்பாடு எப்புடித் தயார் பண்ணுது?"

"எங்க வீடு மாதிரிதான் டீச்சர். அப்பாச் செடி அரைக்கும், அம்மாச் செடி திட்டும்."

இப்போது நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தினமும் காலையில் வீக்கம் இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்கிற முகம். அதில் அதுவரைக்கும் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். பதில் சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. டீச்சர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சிரித்த பிறகுதான் இவள் சிரித்தாள். சிரிக்கும்போது காலை அரை அடி பின்னால் வைத்துக்கொண்டாள், ஓடத் தயாராக நிற்கிற மாதிரி. அது என்னுடைய நிற்பு. பேங்கில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், எங்கே எனக்கு ஒன்று புரியவில்லையோ அங்கெல்லாம் நான் அப்படித்தான் நிற்பேன். எனக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் நிறுத்திக் கூட்டிக்கொண்டு வந்து, வேறு எதையும் கலக்காமல், சுத்தமாக அதை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

டீச்சர் எழுந்தார். "வாயாடிப் பிள்ளை. நல்ல புத்தி. ஒடம்பும் இப்புடி இருக்கு, இந்த வருசம் வீட்லயே இருக்கட்டும்ணே. எழுதிர்றேன்" என்று பேனாவை எடுத்தார்.

தப்பித்துவிட்டோம். நான் வேண்டிக்கொண்டது அதுதான். ஆனால் மனசு அதற்கு அப்பால் ஓடியது. இந்த வியாதி வருடக்கணக்கில் கூடவே வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளைக்கு நான் இல்லாத ஓர் இடத்தில் இவள் ஒரு டாக்டர் முன்னால் உட்காருவாள். மாத்திரையை இப்படிக் குறை, ஒருநாள் விட்டு ஒருநாள் போடு என்று அவர் சொல்வார். இவளுக்குப் புரியாது. இவள் ஒன்று சொல்வாள், டாக்டர் சிரிப்பார், இவளும் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுவாள்.

"டீச்சர்" என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. "எழுதாதீக. அவளுக்குத் தெரியலை."

"என்னண்ணே?"

"வாசிக்கத் தெரியலை. வகுக்கத் தெரியலை. சிரிப்புக் காட்டிச் சமாளிக்கிறா. இன்னொரு தடவை கேளுங்க, நீக சிரிக்காமக் கேளுங்க."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாத்திரை கசந்தபோதும் ஊசி குத்தியபோதும்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. டீச்சர் பேனாவை மூடிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை மெதுவாக, அதே கணக்கைக் கேட்டார். மகள் வாயைத் திறந்தாள். ஏதோ ஒன்று வந்து நாக்கு நுனியில் நின்றது எனக்குத் தெரிந்தது. டீச்சர் வாய் அசையவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியாது."

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் காட்டி, "அப்பாவுக்கும் தெரியாது" என்றாள்.

"ஆமா டீச்சர், சத்தியமாத் தெரியாது" என்றேன்.

டீச்சர் அவள் தலையைத் தடவிவிட்டு என்னிடம் சொன்னார்: "பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. நாலாம் வகுப்புல ஒக்கார வைப்போம், சாயங்காலம் நான் தனியாப் பாத்துக்கிறேன். ஆனா ஒண்ணு, என் வகுப்புல சளி இல்லாத பிள்ளை ஒண்ணுகூடக் கெடையாது. அத மறைக்க மாட்டேன்."

அவர் போன பிறகு கிரைண்டரைப் போட மறந்து உட்கார்ந்திருந்தேன். மகள் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பிட வந்த என் மனைவியிடம் சொன்னேன்.

"டாக்டரு சொல்லி எம்புட்டு நாளாச்சு? நான் சொன்னா மொறைப்பீக. டீச்சரு சொன்னதும் தலையாட்டிட்டீகளாக்கும்?"

"அவுக சொல்லல. நான்தான் சொன்னேன், பிள்ளைக்கு ஒண்ணும் தெரியலன்னு."

சோற்றுக் கை பாதி வழியில் நின்றது. "நீகளா?"

"ஆமா."

"வெளையாட்டுக்குச் சொல்லலையே?"

"இல்லடி."

அவள் எழுந்தாள். கையைக் கழுவிவிட்டு பீரோ மேல் இருந்த பையை இறக்கினாள். பழைய யூனிபார்ம் பாவாடையை உதறி, மகளை எழுப்பிப் போட்டுப் பார்த்தாள். இடுப்பு ஊக்கு எட்டவில்லை. நடுவில் நான்கு விரல் இடைவெளி.

அந்த இடைவெளியையே பார்த்தேன். வளர்த்தியா, வீக்கமா? "மாத்திரை போட்ட ஒடம்பு" என்று ஆரம்பித்தேன்.

"பிள்ளை வளந்திருக்கா. அம்புட்டுத்தான். பேசாம இருங்க" என்றாள் மனைவி.

என்னால் முடியவில்லை. மகள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். நீர் கோத்திருந்தால் விரலை எடுத்த பிறகும் அங்கே குழி நிற்கும். விரலை எடுத்தேன். தோல் மெத்தென்று மேலே வந்தது. நம்பாமல் இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தினேன்.

டீச்சர் போனதில் இருந்து என்னோடு பேசாமல் இருந்தவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கூசுதுப்பா. அந்தக் காலையும் பாத்துட்டு விடு."