மாமா ஆடிய கடைசி ஆட்டம்

என் அம்மாவின் தம்பி ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிச் சம்பாதித்தவர் என்று சொன்னால் பள்ளியில் யாரும் நம்பமாட்டார்கள். ரக்பிக்காரர் என்றால் மலை மாதிரி இருக்க வேண்டும். மாமாவோ அம்மாவைவிடக் குள்ளம். எங்கள் ஊர்ப் பக்கம் கிள்ளான் நகரில் பள்ளி அணிக்கு ஆடியவர், இன்ஜினியரிங் படிக்கச் சிட்னிக்குப் போன இடத்தில் படிப்பை விட்டுவிட்டு ஒரு தொழில்முறை ரக்பி லீக் கிளப்பில் சேர்ந்துவிட்டார். தாத்தா கோபத்தில் பேசாமல் இருந்தாராம். பிறகு யாரோ அவர் ஆடியதை வீடியோ டேப்பில் கொண்டுவந்து கொடுக்க, அந்த டேப் தேய்ந்துபோகும் வரை போட்டுப் பார்த்தாராம்.

மாமா ஏழாம் எண் சட்டைக்காரர். ஹாஃப்பேக். யார் எங்கே ஓட வேண்டும், பந்து யாருக்குப் போக வேண்டும், எப்போது உதைக்க வேண்டும் என்று மற்றப் பன்னிரண்டு பேருக்கும் கத்திச் சொல்வது அவர் வேலை. அதனாலேயே எதிரணியின் பெரிய ஆட்கள் அவரைத் தேடித் தேடி வந்து மோதுவார்கள்.

"அடிபட்டா உடனே எழுந்துரணும்லா. படுத்தே கிடந்தா அடுத்த வாரம் கோச் என் சட்டையை வேற ஆளுக்குக் குடுத்துருவான்."

மயங்கி விழுந்து, எழுந்து, மிச்ச ஆட்டத்தையும் ஆடிவிட்டு, மறுநாள் எதுவுமே நினைவில்லாமல் முழித்த கதைகளை அவர் நடித்துக்காட்டுவார். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

முப்பதைத் தாண்டியதும் கிளப் அவரை விட்டுவிட்டது. ஊர் திரும்பி, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்பா ஜொகூரில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அம்மா மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சேலைக்கடை வேலைக்குப் போய்விட்டால் எனக்கு மாமாதான் துணை.

நான் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை, காலையில் பசியாறியதும், "வா, என் பழைய திடலைக் காட்டுறேன்" என்று கிள்ளானுக்கு ரயிலில் அழைத்துப் போனார். திடலில் பெரிய பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் மாமாவோடு படித்தவர். "டேய், நீயாடா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார். மோதல் இல்லாத, ஆளைத் தொட்டால் போதும் என்கிற ஆட்டம்தான். மாமா காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் பந்தைக் கொடுப்பார். பந்து போய்ச் சேரும்போதுதான் அங்கே ஒரு பையன் ஓடிவருவது நமக்குத் தெரியும். "பாஸ், இன்னொரு தடவை காட்டுங்க பாஸ்!" என்று பையன்கள் கெஞ்சினார்கள். ஓரத்தில் நின்று நான் தொண்டை கட்டும் வரை கத்தினேன்.

அப்போது ஓடிவந்த ஒருவனின் முழங்கை மாமாவின் காதோரம் பட்டது. பெரிய அடி இல்லை. அவர் விழக்கூட இல்லை. கொஞ்ச நேரம் புல்லைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஏதேதோ வெள்ளைக்காரப் பெயர்களைச் சொல்லிப் பையன்களை விரட்டத் தொடங்கினார். பந்தை வாங்கிக்கொண்டு, எதிரணிப் பக்கம் போகாமல் நேராகத் தன் அணியின் கோல் கம்பத்துக்கே ஓடி, அதன் கீழே பந்தை வைத்து, புள்ளி எடுத்தவர் போல இரண்டு கைகளையும் தூக்கினார்.

பையன்கள் விழுந்து புரண்டு சிரித்தார்கள். நானும்தான். பயிற்சியாளர் மட்டும் சிரிக்காமல் போய் அவர் தோளில் கை வைத்தார்.

"போதும்டா. வா, என் காடியில ஏத்தி வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன்."

"எனக்கு வழி தெரியாதா? என்னா பேசுற நீ?" மாமா கையைத் தட்டிவிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ரயில் நிலையத்தில், எந்தப் பக்க ரயில்மேடைக்கு இறங்குவது என்று தெரியாமல் மாமா நடுவழியில் நின்றார். ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "இன்னிக்கு நீதான் ஹாஃப்பேக். நீ எந்தப் பக்கம் சொல்றியோ அந்தப் பக்கம்தான் நான் வருவேன்" என்றார்.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்து அவரை இழுத்துக்கொண்டு போனேன். ரயிலில் என் கையைப் பிடித்திருந்த அவர் கை ஈரமாக இருந்தது. பெட்டாலிங் ஜெயா தாண்டும்போது மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, அப்பா திட்டுவாரா?"

தாத்தா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. இதுவும் விளையாட்டில் சேர்ந்ததுதான் என்று நினைத்து அம்மாவின் குரலில், "திட்டமாட்டாரு. நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியில் சாய்ந்துகொண்டார்.

மாலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "உன்னையா அக்கான்னு கூப்பிட்டான்?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

வருடக்கணக்காக வாங்கிய அடிகள் மூளையைக் கெடுத்துவிட்டன என்று மருத்துவர் சொன்னதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. சுங்கை பூலோவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில், யாரையும் அடையாளம் தெரியாமல், ஐம்பதைத் தொடாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் திடலுக்குப் போய்வந்த அடுத்த சனிக்கிழமை நடந்ததுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மா பெரிய பூட்டு ஒன்றை வாங்கிவந்து வாசல் கம்பிக்கதவில் போட்டாள். திருட்டுப் பயமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அவள் வெளியிலிருந்து அதைப் பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியதும் நான் மாமாவிடம் ஓடி, "இனிமே யாரும் உள்ள வர முடியாது மாமா!" என்றேன்.

கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், "நல்லதுதான்" என்றார். நான் நிம்மதியாகப் போய் டிவி பார்த்தேன்.