மஞ்சள் தடவிய முப்பது பிரதிகள்

எங்களுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் துறைத் தலைவர். ஓவியம் கற்றுக்கொடுத்தார், எழுத்துரு கற்றுக்கொடுத்தார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இறுதியாண்டில் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு உறுதிமொழித் தாளில் கையெழுத்துக் கேட்டார். "இந்தப் புத்தகத்தை வடிவமைத்தது, மடித்தது, தைத்தது, அட்டை கட்டியது அனைத்தும் நான் ஒருவரே" என்று அதில் அச்சிட்டிருக்கும். அது பொய் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

நான் இப்போது பெரம்பலூரில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். ஐந்து வருஷம் ஆகிறது. என் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் போன் செய்து பசை, நூல், அட்டை பற்றிக் கேட்கிறார்கள். கையெழுத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. வரப்பில் கிடந்த கல்

எங்கள் ஓவியக் கல்லூரியில் கடைசி ஆறு மாதத்தில் ஒரு புத்தகம் செய்ய வேண்டும். என்ன புத்தகம் என்பது நம் விருப்பம். முப்பது பிரதி கொடுக்க வேண்டும்.

என் ஊர் செந்துறைக்குப் பக்கம். எங்கள் காடுகளில் உழும்போது சிப்பி போலவும் சுருண்ட நத்தை போலவும் கல் கிடைக்கும். பல கோடி வருஷத்துக்கு முன் கடல் இருந்த இடம். ஊரில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. கலப்பைக் கொழுவில் தட்டினால் எடுத்து வரப்பில் வீசிவிட்டு அடுத்த சாலுக்குப் போவார்கள். அப்படி வீசிய நாற்பது கல்லைப் பொறுக்கி, அசல் அளவிலேயே பென்சிலில் வரைந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே ஒரு வரி: யார் காட்டில் கிடைத்தது, அந்த வருஷம் அங்கே கடலையா, சோளமா, முந்திரியா. புத்தகத்தின் பெயர் 'வரப்புக் கல்'. நாற்பத்தெட்டுப் பக்கம்.

அரியலூரில் இரண்டு அச்சகத்தில் கேட்டேன். முப்பது பிரதிக்கு மெஷினைத் தொட மாட்டோம் என்றார்கள். பெரம்பலூரில் ஒருவர் டிஜிட்டல் மெஷினில் அடித்துத் தருகிறேன் என்றார். அந்த அச்சகத்தில் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகைதான். பின்கட்டில் மூன்று பெண்கள் பத்திரிகை மடித்துக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அமுதா அக்கா, ராணி அக்கா, ஷகிலா அக்கா. அதற்கு முன்பு மூவரும் பள்ளிக்கூட ரெக்கார்ட் நோட்டு தைக்கும் பைண்டிங் கடையில் வேலை பார்த்தவர்கள். அது எனக்கு அப்போது தெரியாது. நான் கேட்கவும் இல்லை. பைண்டிங்கை நானே செய்வதாகச் சொல்லி, அடித்த தாள்களை மட்டும் வாங்கிக்கொண்டு போனேன்.

2. அப்பளம்

விடுதியில் உட்கார்ந்து ஐந்து அட்டை செய்தேன். கெட்டி அட்டையின் வெளிப்பக்கம் மைதாப் பசை தடவிக் கோரா துணி ஒட்டிக் காயவைத்தேன். மறுநாள் ஐந்தும் வளைந்து கிண்ணம் மாதிரி நின்றன. வேறு வழி இல்லாமல் அச்சகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அமுதா அக்கா ஒன்றை எடுத்து மேஜையில் வைத்துச் சுண்டிவிட்டார். அது ஆடியது.

"என்னா காலேஜு, அட்டை செஞ்சியா, அப்பளம் பொரிச்சியா?"

"வீடியோல இப்படித்தான்க்கா காட்டுனாங்க."

"அப்ப அந்த வீடியோக்காரனக் கூப்புடு. வந்து நிமுத்திக் குடுத்துட்டுப் போவட்டும்."

ராணி அக்கா சிரித்த சிரிப்பில் கவர்கள் கீழே விழுந்தன. எனக்கு எரிச்சல். ஆனால் அட்டை வளைந்துதான் இருந்தது.

அமுதா அக்கா சொன்ன விஷயம் இவ்வளவுதான். பசை காயும்போது துணி அட்டையை ஒரு பக்கமாக இழுக்கும். உள்பக்கமும் தாள் ஒட்டினால் அது எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டும் சமமாகிவிடும். ஒட்டிய கையோடு பலகைக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும். பசையில் துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. இதை எங்கள் கல்லூரியில் நான்கு வருஷத்தில் யாரும் சொல்லவில்லை.

தையலும் அப்படித்தான். ஒரு புத்தகத்துக்கு எட்டுப் பக்கமாக ஆறு மடிப்பு. நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மூன்று புத்தகம் தைத்தேன். மூன்றும் தொளதொளவென்று ஆடின. சமர்ப்பிக்க இரண்டு வாரம் இருந்தது.

"இப்புடியே தச்சின்னா உம் பேரப்புள்ளதான் காலேஜுல கொண்டுபோயிக் குடுக்கணும்" என்றார் ஷகிலா அக்கா. "கொண்டா இப்புடி."

அதன் பிறகு வேலை பிரிந்தது. ராணி அக்கா மடித்தார். ஷகிலா அக்கா தைத்தார். அமுதா அக்கா அட்டை கட்டினார். நான் பசை தடவினேன், பாரம் வைத்தேன், பக்க வரிசை சரிபார்த்தேன். பத்திரிகை வேலை போக மிச்ச நேரத்தில் செய்து பதினோரு நாளில் முடித்தோம்.

நடுவில் ஒரு நாள் உறுதிமொழித் தாள் என் பையிலிருந்து விழுந்தது. ஷகிலா அக்கா எடுத்துப் படித்தார்.

"தச்சதும் நான் ஒருவரேன்னு போட்டிருக்கு. அப்ப நான் யாரு?"

"எல்லாரும் அப்படித்தான்க்கா கையெழுத்துப் போடுறாங்க" என்றேன்.

அவர் தாளை மடித்து என் பையில் வைத்துவிட்டு ஊசியை எடுத்தார். அந்தப் பதிலை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நான் சொன்னது அதுதான். கையெழுத்துப் போடுவதாகத்தான் இருந்தேன்.

3. நாலு மூலை

கடைசி நாள். முப்பதும் முடிந்து மேஜையில் நின்றன. வெள்ளைக் கோரா அட்டை, மேலே கருப்பில் பெயர். அவற்றை வைக்க அட்டைப்பெட்டி வாங்கப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். அரை மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் ஒவ்வொரு அட்டையிலும் நாலு மூலையிலும் மஞ்சள்.

அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம். எந்தப் பத்திரிகைக் கட்டு வெளியே போனாலும் மேல் பிரதியின் நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவித்தான் கொடுப்பார்கள். எனக்கு அது தெரியும். என் புத்தகத்துக்கும் செய்வார்கள் என்று நினைக்கவில்லை.

"யாரக் கேட்டு வெச்சீங்க?" என்று கத்திவிட்டேன். "நாளைக்குக் குடுக்கணும்!"

அமுதா அக்கா விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கட்டுக்கு ஒன்னு போதும்னுதான் ராணி சொன்னா. நான்தான், இது என்ன ஒரு வூட்டுக்கா போவுது, முப்பது வூட்டுக்குல்ல போவுது, எல்லாத்துக்கும் வெப்போம்னேன். நல்ல காரியந்தான? ஏன், காலேஜுல மஞ்சள் ஆவாதா?"

நான் ஒரு பிரதியைப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை. சோப்புப் பட்டதும் ரத்தச் சிவப்பாகிவிட்டது.

"போச்சுடா" என்றார் ராணி அக்கா. "மஞ்சளா இருந்தா பத்திரிகை. இப்ப கொலக் கேஸு."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஷகிலா அக்கா சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன். அழுகையும் கூடவே வந்தது.

இருபத்தொன்பதையும் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு அட்டையின் மூலைகளையும் மூன்று பேரும் பிரித்துக்கொண்டு தடவியிருக்கிறார்கள். அமுதா அக்காவுடையது அகலக் கட்டைவிரல். ராணி அக்கா விரல் நுனியால் பொட்டு மாதிரி வைத்திருந்தார். ஷகிலா அக்கா வைத்ததில் ஊசி குத்திய விரலின் பிளாஸ்திரி வரிகூடப் பதிந்திருந்தது. அந்த அட்டையைப் பார்த்தால் எந்த மடையனுக்கும் தெரியும், இதை ஒரு ஆள் செய்யவில்லை என்று. இதைக் கையில் வைத்துக்கொண்டு "நான் ஒருவரே" என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது?

அட்டையை மாற்ற நேரம் இல்லை. இருந்திருந்தால் மாற்றியிருப்பேன். அதை மறைத்து என்னைப் பெரிய மனுஷியாகக் காட்டிக்கொள்ள விருப்பமில்லை.

கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து முப்பது பிரதியிலும் எழுதினேன். மடித்தவர் ராணி. தைத்தவர் ஷகிலா. அட்டை கட்டியவர் அமுதா. வரைந்து வடிவமைத்தவர் என்று கீழே என் பெயர்.

"எனக்கு இனிஷியல் போடு" என்றார் அமுதா அக்கா. "எங்க தெருவுலயே நாலு அமுதா இருக்கா. எவளோ பேரு வாங்கிட்டுப் போயிடப் போறா."

மூவருக்கும் இனிஷியல் போட்டேன்.

4. மதிப்பீடு

துறைத் தலைவரும் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பின்னால் வகுப்பு முழுவதும் புத்தகங்களோடு வரிசையில் நின்றது.

"என்னம்மா இது, மேரேஜ் இன்விடேஷனா?" என்றார் துறைத் தலைவர்.

"புக்கு சார்."

கடைசிப் பக்கத்தைத் திறந்தார். "யாரு இவங்கல்லாம்?"

"பைண்டிங் செஞ்சவங்க சார்."

"டிக்ளரேஷன்ல சைன் இல்லையே?"

"அதுல இருக்கறது பொய் சார். அதான் போடல."

"எல்லாரும் போட்டிருக்காங்கல்ல?"

"அவங்களும் பொய்தான் சார் போட்டிருக்காங்க."

பின்னால் திரும்பிப் பார்த்தேன். திருச்சி பைண்டிங் கடைகளில் கொடுத்துக் கட்டி வாங்கி வந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

துறைத் தலைவர் குரலைத் தாழ்த்தினார். "கடைசிப் பேஜ எடுத்துடு. சைன் பண்ணு. நல்ல மார்க் வாங்கிட்டுப் போயிடு. எதுக்கு வம்பு?"

"எடுக்க மாட்டேன் சார்."

தேர்வாளர் கை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். நடுவில் திறந்து மேஜையில் வைத்தார். அது மூடிக்கொள்ளாமல் தட்டையாகக் கிடந்தது. நடுத் தையலைத் தடவிப் பார்த்து, "இதைத் தைச்சது யாரு?" என்று கேட்டார். ஷகிலா அக்காவின் பெயரை இனிஷியலோடு சொன்னேன். அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் கொடுத்த மதிப்பெண்ணில் தேறினேன். அகமதிப்பெண்ணில் துறைத் தலைவர் தன் வேலையைக் காட்டினார். துறை வாசலில் கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. ஒவ்வொரு வருஷத்துப் புத்தகங்களும் அதில் இருக்கும். என் புத்தகம் மட்டும் இல்லை.

பரவாயில்லை. முப்பதையும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சிவந்ததை நான் வைத்துக்கொண்டேன். மற்றவற்றைச் செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கொடுத்தேன். ஒரு பள்ளியில் பிள்ளைகள் தாங்கள் பொறுக்கிய கல்லைப் படத்தின் மேல் வைத்து அளவு பார்க்கிறார்களாம். ஆசிரியை போனில் சொன்னார், பக்கமெல்லாம் செம்மண்ணாம். அதைவிட நல்ல மதிப்பெண் எனக்குத் தெரியாது.

படித்து முடித்ததும் அதே அச்சகத்தில் சேர்ந்தேன். இப்போது பத்திரிகையோடு சிறு புத்தகங்களும் செய்கிறோம். கடைசிப் பக்கத்தில் மூன்று பேர் பெயரும் கட்டாயம் வரும். அந்தப் பக்கம் இல்லாத புத்தகத்தை அமுதா அக்கா பைண்டிங்குக்கு எடுப்பதில்லை. போன வருஷம் என் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் உறுதிமொழியில் "நான் ஒருவரே" என்பதை அடித்துவிட்டு, பைண்டர் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். இந்த வருஷம் ஏழு பேர் என்று சொல்கிறார்கள்.

நான் கற்றது இதுதான், பிள்ளைகளே. அட்டைக்கு இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். மஞ்சளில் சோப்பு வைக்காதீர்கள். கைகொடுத்தவர் பெயரைப் புத்தகத்தில் போடுங்கள். பெயர் போட்டதால் என் படம் எதுவும் குறைந்துபோகவில்லை.

துறைத் தலைவர் அவர்களே, மாணவர்களின் புத்தகங்களை வைத்து நடக்கும் அடுத்த ஆண்டுக் கண்காட்சியை நீங்கள்தான் மைக்கில் பேசித் தொடங்கிவைக்கப் போகிறீர்கள். நாங்கள் நால்வரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம். எனக்குத் தனியாகப் போன் செய்து சமாதானம் சொல்ல வேண்டாம். பெற்றோர்களும் மாணவர்களும் கேட்க, அந்த மைக்கிலேயே சொல்லுங்கள்: உங்கள் கண்ணாடி அலமாரியில் இருக்கும் புத்தகங்களைத் தைத்தவர்கள் யார்?