பல்லில் கடித்த வலை

நைனார்பாளையத்தில் வீச்சு வலை வாங்கும்போது நானும் தம்பியும் இருந்தோம். வலை வீசத் தெரிந்த மாமா வரவில்லை. தூண்டிலில் கோக்கப் பொடிக் கெண்டை பிடிக்கத்தான் வலை. பணம் தம்பியின் கூலி.

"நீதான படிச்சவன், பாத்து எடு," என்றான்.

புதியது ஆயிரத்து நானூறு, பழையது அறுநூறு. பழையதில் கிழிசல் தேடினேன், ஈயக் குண்டுகளை எண்ணினேன். முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லை; அதையே வாங்கினோம்.

ஏரியில், வீசுவதற்காக வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்தேன். அழுகிய செதிலும் எவனோ துப்பிய வெற்றிலைக் கறையும் நாக்கில் ஒட்டின.

"இன்னாண்ணா, முத்தம் குட்த்துக்கினு நிக்கிற? வீசு!"

வீசவில்லை, வாந்தி எடுத்தேன். இரண்டு நாள் சோப்பில் ஊறவைத்தும் நாற்றம் போகவில்லை. வலையைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியதை வாங்கினோம். தம்பிக்கு மொத்தச் செலவு இரண்டாயிரம் ரூபாய்.