புள்ளி மஞ்சளானது

என் வீட்டுக்காரர் தாணுமாலயனை, நாங்கள் குடியிருக்கும் மலையாளத்து ஊரான கரமனையில் 'பல்லிக் கணக்கர்' என்றால்தான் தெரியும். கம்பெனியில் கணக்கு எழுதுவது பிழைப்பு. உயிர் முழுக்கச் சிறுத்தைப் பல்லியின் நிறத்தில். சுவரில் ஓடுகிற பல்லி இல்லை, பெட்டியில் வளர்க்கிற வெளிநாட்டு இனம். கம்ப்யூட்டரில் யார் படம் அனுப்பினாலும் இது அல்பினோ, இது டாஞ்சரின் என்று பெயர் சொல்லிவிடுவார். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படமென்றால் பார்க்கவே மாட்டார். பகலில் எடுத்து அனுப்பு என்பார். கட்டிய பெண்டாட்டி மாநிறமா கறுப்பா என்று கேளுங்கள், மனுஷன் முழிப்பார்.

"அந்தச் சனியன் வீட்டுக்குள்ள வந்தா நான் நாகர்கோவில் பஸ் ஏறிருவேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். அதனால் 2008-ல் அவர் வாங்கிய குட்டி, கழக்கூட்டத்தில் ஹரிகுமாரின் ஃப்ளாட்டில் வளர்ந்தது. ஹரி பையன்னூர்க்காரன், சாஃப்ட்வேர் வேலை. பல்லிப் பைத்தியத்தில் இவருக்குத் தம்பி. இவர் ஒன்று சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், கூடத் தங்கியிருந்த பிரஜின் போனில் பல்லி நிலவரம் சொல்வான்.

குட்டியின் முதுகில் கறுப்புப் பட்டைகள். வளர வளரப் பட்டை உடைந்து புள்ளியாகும். சிலவற்றுக்குப் புள்ளியும் மறைந்து முதுகு முழுக்க மஞ்சளாகும். அப்போது அதற்குப் பெயரே வேறு. "இது முழு மஞ்சளாவும் பாரு" என்று சாப்பிட உட்கார்ந்தாலும் இவருக்கு இதே பாட்டு.

அந்த மழைக்காலத்தில் ஹரி கல்லாற்றில் குளித்துவிட்டு வந்தான். காலில் ஆறாத காயம் இருந்தது. அடுத்த வாரம் காய்ச்சல். சும்மா காய்ச்சல்தான் என்று அவனே இவரிடம் சொன்னான். இவரும் அதை விட்டுவிட்டார்.

மலையாளத்தில் புள்ளி என்றால் நம் புள்ளிதான். ஆனால் 'அந்த ஆள்' என்றும் அர்த்தம் உண்டு. 'புள்ளி வந்நு' என்றால் அவர் வந்துவிட்டார் என்று பொருள். இருபது வருஷமாக மலையாளம் பேசுகிற மனுஷனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். மண்டைக்குள் பல்லி உட்கார்ந்திருந்தால் என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை காலை இவர் ஆபீசுக்குக் கிளம்பும்போது பிரஜினின் போன் வந்தது. பேசியதை அவன் பிறகு என்னிடம் அப்படியே ஒப்பித்தான்.

"சேட்டா, புள்ளி ஆகெ மஞ்ஞ ஆயி."

"ஞான் அப்பழே பறஞ்ஞில்லே!" அப்போதே சொன்னேனே என்று இவருக்குப் பெருமை.

"ஒந்நும் கழிக்குந்நில்ல. அனங்காதெ ஒரே கிடப்பா."

சாப்பிடவில்லை, அசையாமல் கிடக்கிறான் என்கிறான் பையன். இவர் சொல்கிறார்: "ஸாரமில்ல. நிறம் மாறும்போ அங்ஙனெயா."

"ஆசுபத்திரியில் கொண்டுபோணோ?"

"வேண்டா, வேண்டா. பேடிச்சு போகும். நல்ல சூடு கொடுத்தா மதி. ஞாயறாழ்ச்ச ஞான் வராம்." பயந்துவிடும், சூடு கொடுத்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்கிறார்.

பெரியவர் சொல்லிவிட்டார். பிரஜின் பாவம், ஹரிக்கு இரண்டு போர்வை போர்த்தி, சுடுகஞ்சி வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தான்.

ஜெயித்ததைக் காட்ட இவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கதவு திறந்ததும் நேரே பல்லிப் பெட்டிக்குப் போய்க் குனிந்தார். பட்டை அப்படியே இருந்தது. "எவிடெடே மஞ்ஞ?" என்று எரிச்சலோடு கேட்டார்.

பிரஜின் உள்ளறையைக் காட்டினான். "பல்லி அல்ல சேட்டா. ஹரி."

உள்ளே போனோம். கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். "சேட்டன் வந்நோ" என்று ஹரி சிரிக்கப் பார்த்தான். "அடப்பாவி மனுஷா, என்ன காரியம் பண்ணினீங்க!" என்று கத்தினேன். இவர் அவனை வாரித் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

எலிக்காய்ச்சல், ஆற்றுத் தண்ணீரிலிருந்து காயம் வழியே ஏறியிருக்கிறது. ஈரலும் கிட்னியும் கைவிட்டுவிட்டன. "ரெண்டு நாள் முன்பே வந்நிருந்நெங்கில்" என்று தொடங்கிய டாக்டர், இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹரி போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை அவனே எப்படியோ எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சட்டை மாற்றியிருந்தானாம். சேட்டன் வேண்டாமென்றார் என்றதும் திரும்பப் படுத்துக்கொண்டானாம். பிரஜின் இதை என்னிடம் சொல்லும்போது அழுதான். எனக்கு இவரை அடித்துக் கொல்லலாம் போல இருந்தது; கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

நிலைமை மோசம் என்ற தகவல் கேட்டுக் காலையிலேயே ரயிலேறிய ஹரியின் அம்மா சாயங்காலம் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இவரைப் பார்த்ததும், "நிங்ஙள் அடுத்துண்டல்லோ எந்நாயிருந்நு என்டெ சமாதானம்" என்றாள். நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்றுதான் நிம்மதியாக இருந்தேன் என்கிறாள். இவருக்கு இருபது வருஷ மலையாளமும் வாயில் வரவில்லை. "எம் புத்தி கெட்ட பேச்சால பிள்ளைய வாரிக் குடுத்துட்டேனேம்மா" என்று தமிழில் தேம்பினார்.

அவளுக்குப் புரியவில்லை. "சேட்டன் எந்தா பறயுந்நது?" என்று பிரஜினைக் கேட்டாள்.

பிரஜின் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "சேட்டனு வலிய சங்கடமாணு, அம்மே." சேட்டனுக்கு ரொம்பத் துக்கம் என்று மட்டும் சொன்னான்.

அவள் இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.